சனிக்கிழமை பிரித்ததை ஞாயிற்றுக்கிழமை மூடுவது எப்படி? கார் ஷெட்டில் செய்யும் வார இறுதி ரிப்பேர்

பழுதான பொருளைப் பிரிப்பது பத்து நிமிட வேலை. மூடுவதற்குத்தான் மாதக்கணக்காகிறது. கார் ஷெட் வைத்து ரிப்பேர் செய்கிற யார் வீட்டிலும் மூலையில் ஒரு அட்டைப்பெட்டி இருக்கும். பாதி பிரித்த மின்விசிறி, ஒற்றைப் பெடல், எதனுடையது என்றே தெரியாத ஏழெட்டு ஸ்க்ரூ எல்லாம் அதற்குள் கிடக்கும். பெட்டிக்குள் போன எதுவும் ரிப்பேர் செய்ய முடியாத பொருள் இல்லை. ஞாயிறு மாலை நான்கு மணிக்கு, “இந்த ஒரு போல்ட் மட்டும் கழன்றுவிட்டால் போதும்” என்று போராடிக்கொண்டிருந்தபோது நேரம் முடிந்துவிட்டது, அவ்வளவுதான்.

பல வருடம் இப்படிப் பெட்டியை நிரப்பிய பிறகுதான் எனக்கு ஒன்று பிடிபட்டது. சனிக்கும் ஞாயிறுக்கும் நடுவில் ஒரு முழு இரவு இருக்கிறது. மரைக்குள் எண்ணெய் ஊறுவது, துரு கரைவது, பசை இறுகுவது, பேட்டரி சார்ஜ் ஏறுவது எல்லாம் நாம் தூங்கும்போது தானாக நடக்கிற வேலைகள். இதையெல்லாம் ஞாயிறு மதியம் ஆரம்பித்தால் காத்திருக்க நேரம் கிடைக்காது, அவசரத்தில் ஏதாவது உடையும். அதனால் என் கணக்கு இதுதான்: சனி காலை பழுதைக் கண்டுபிடிக்க, சனி சாயங்காலம் ஊறவைக்க, ஞாயிறு முழுவதும் மூடுவதற்கு. ஒரு வாரத்துக்கு ஒரே ஒரு பொருள். இரண்டாவதை எவ்வளவு ஆசையாக இருந்தாலும் தொடாதீர்கள்.

முதலில் இடம்

பெரிய பட்டறை எல்லாம் தேவையில்லை. ஆடாத மேசை ஒன்று வேண்டும், அது மட்டும் கட்டாயம். நேராக நின்று கையைத் தொங்கவிட்டால் மணிக்கட்டு எங்கே வருகிறதோ அதுதான் அறுக்க, அரம் போட, சுத்தியலால் தட்ட ஏற்ற உயரம். நுணுக்கமான வேலைக்கு அதே மேசையில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்துகொள்ளலாம். வைஸ் (பொருளைக் கவ்விப் பிடிக்கும் இடுக்கி) பொருத்துவதாக இருந்தால் மேசைக் காலுக்கு நேர் மேலே பொருத்துங்கள், பலகையின் நடுவில் பொருத்தினால் ஒவ்வொரு அடிக்கும் பலகை எகிறும்.

விளக்கு ஒன்று போதாது. தலைக்குப் பின்னால் ஒரே ஒரு விளக்கு எரிந்தால் நம் நிழல்தான் வேலை மேல் விழும், இரண்டு பக்கத்திலிருந்தும் வெளிச்சம் வர வேண்டும். மேசை மேல் வெளிர் நிறத்தில் ஒரு பழைய பெட்ஷீட்டை விரித்துவிடுங்கள். விழுகிற ஸ்க்ரூ துள்ளி ஓடாது, எங்கே கிடக்கிறது என்று கண்ணுக்கும் தெரியும்.

கார் ஷெட்டுக்கே உரிய ஆபத்துகள் சில உண்டு. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, தரையோடு தரையாகப் பரவும். மேசை மேல் நின்று வாசனை வரவில்லை என்று நினைத்துக்கொண்டு கிரைண்டரைப் போட்டால் தீப்பொறி விழுவது தரையில்தான். எஞ்சினை ஓடவிட்டுப் பார்க்க வேண்டுமென்றால் வண்டியை வெளியே தள்ளிவிட்டுச் செய்யுங்கள். கதவு திறந்திருக்கிறதே என்று உள்ளேயே ஓடவிடாதீர்கள், கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. தீயணைப்பானைக் கதவு ஓரமாக மாட்டுங்கள். மேசைக்குப் பின்னால் மாட்டினால் தீயைத் தாண்டிப்போய்த்தான் எடுக்க வேண்டியிருக்கும்.

சனி காலை: ஸ்க்ரூ டிரைவரைத் தொடுவதற்கு முன்

முதல் அரை மணி நேரம் எதையும் கழற்றாதீர்கள். பாருங்கள், கேளுங்கள், முகர்ந்து பாருங்கள். எரிந்த வார்னிஷ் வாசனை வந்தால் மோட்டாரின் காயில் (உள்ளே சுற்றியிருக்கும் கம்பிச் சுருள்) போயிருக்க வாய்ப்பு அதிகம், அதை வார இறுதி வேலையாக எடுத்துக்கொள்ள வேண்டாம். வாசனை இல்லாமல் வெறுமனே செத்துக்கிடந்தால் சந்தோஷப்படுங்கள், பாதிக்குப் பாதி பழுது வயரில்தான் இருக்கும்.

மல்டிமீட்டரைக் கன்டினியூட்டியில் (வயர் அறுபடாமல் இருந்தால் ‘பீப்’ அடிக்கிற அமைப்பு) வைத்து, பிளக்கின் ஒரு முள்ளிலிருந்து உள்ளே அந்த வயர் போய்ச் சேரும் முனை வரை பாருங்கள். பார்த்துக்கொண்டே வயரை வளைத்துக்கொடுங்கள், குறிப்பாகப் பிளக்கை ஒட்டிய இரண்டு அங்குலமும் கருவிக்குள் நுழைகிற இடமும். ‘பீப்’ விட்டுவிட்டு வந்தால் செம்புக் கம்பி உள்ளே அறுந்திருக்கிறது. வெளியே ரப்பர் உறை புதிதுபோலவே இருக்கும், ஏமாந்துவிடாதீர்கள்.

மீட்டரைப் பற்றி இரண்டு விஷயம். கரண்ட் அளக்கிற 10 ஆம்பியர் துளையில் சிவப்பு வயரைச் செருகிவிட்டு, அதை மறந்து அப்படியே மின் இணைப்பில் வோல்ட் அளக்கப் போனால் அது நேரடி ஷார்ட் சர்க்யூட், கையிலேயே வெடிக்கலாம். அதனால் கரண்ட் அளந்து முடித்த அடுத்த நொடி வயரை மாற்றிச் செருகும் பழக்கம் கைக்கு வந்துவிட வேண்டும். இன்னொன்று, மின்சாரம் இல்லை என்று உறுதி செய்வதற்கு முன் மின்சாரம் இருக்கிற இடத்தில் மீட்டரைச் சோதியுங்கள், அப்புறம் வேலை செய்கிற இடத்தில், திரும்பவும் முதல் இடத்தில். செத்த மீட்டரும் ‘பூஜ்யம்’ என்றுதான் காட்டும்.

சரி, ஒரு பொருளை எடுத்துப் பார்ப்போம். என்னிடம் வந்த ஒரு டேபிள் ஃபேன். ஸ்விட்ச் போட்டால் ‘ம்ம்ம்’ என்று முனகும், சுற்றாது. முனகுகிறது என்றால் கரண்ட் உள்ளே போகிறது, வயர் சரி, காயிலிலும் ஏதோ ஓடுகிறது. மிச்சம் இரண்டு சந்தேகம்தான்: மோட்டாரைச் சுற்றத் தொடங்கிவைக்கிற கண்டன்சர் வீக்காகியிருக்கும், இல்லையென்றால் தண்டு இறுகியிருக்கும். இதைப் பிரிக்காமலேயே சொல்லிவிடலாம். பிளக்கைப் பிடுங்கிவிட்டு இறக்கையைக் கையால் ஒரு சுற்று சுற்றிவிடுங்கள். சும்மா சில நொடி ஓடி மெதுவாக நின்றால் தண்டு நன்றாக இருக்கிறது, பெரும்பாலும் கண்டன்சர்தான். கையை எடுத்ததும் சட்டென்று நின்றால் புஷ் (தண்டைத் தாங்குகிற வெண்கல வளையம்) பிரச்சினை. சீலிங் ஃபேன் மெதுவாக ஓடினாலும், தள்ளிவிட்டால்தான் சுற்றினாலும் இதே சோதனைதான்.

கண்டன்சர் என்றால் மேலே அச்சடித்திருக்கும் மைக்ரோ ஃபாரட் எண்ணையே வாங்க வேண்டும். வோல்ட் அளவு அதே இருக்கலாம், கூடுதலாக இருக்கலாம், குறையக் கூடாது. வேகமாக ஓடட்டும் என்று பெரிய எண்ணைப் போடுகிறவர்கள் உண்டு, காயில் சூடாகித்தான் போகும்.

என்னிடம் வந்தது சட்டென்று நின்ற ரகம். முன்பக்கக் கூண்டைக் கழற்றினேன். இறக்கையைப் பிடித்திருக்கும் பிளாஸ்டிக் மூடி பெரும்பாலும் இடது மரை, அதாவது வலது பக்கம் திருப்பினால்தான் கழலும். இதைத் தெரியாமல் முரட்டுத்தனமாகத் திருகி உடைப்பவர்கள் ஏராளம். மோட்டாரின் முன் மூடியைத் திறந்தால் தண்டைச் சுற்றிப் பழுப்பு நிறத்தில் பிசின்போல ஒன்று. யாரோ பல வருடத்துக்கு முன் விட்ட எண்ணெய், தூசியோடு சேர்ந்து இறுகியது. மண்ணெண்ணெயில் நனைத்த துணியை நாடாபோலச் சுருட்டித் தண்டைச் சுற்றி இழுத்து இழுத்துத் துடைத்தேன். நாலாவது துணியில்தான் இரும்பின் பளபளப்பு தெரிந்தது. உப்புத்தாள் போடத் தோன்றும், போடாதீர்கள், தண்டின் வழவழப்பு போய்விட்டால் புஷ் சீக்கிரம் தேயும்.

இந்த வெண்கல புஷ்ஷின் உள்ளே கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் நிறைய இருக்கின்றன, எண்ணெயை அவைதான் தேக்கி வைத்துக்கொள்ளும். புஷ்ஷைச் சுற்றி ஒரு கம்பளித் துணி வளையமும் இருக்கும். அந்த வளையத்தில் தையல் மிஷின் எண்ணெயைச் சொட்டுச் சொட்டாக, குடிக்கிற வரைக்கும் விட்டுவிட்டு, அப்படியே வைத்துவிட்டுத் தூங்கப் போனேன். காலையில் மேலே மிதந்த எண்ணெயைத் துடைத்து மூடினேன். இறக்கையைக் கையால் தட்டினால் சத்தமே இல்லாமல் சுற்றிக்கொண்டே இருந்தது.

பிரிக்கும்போது

ஒவ்வொரு மூடியைத் திறப்பதற்கு முன்னும் ஒரு படம், திறந்த பிறகு ஒரு படம். வயர்களை மட்டும் கிட்டத்தில் இன்னொரு படம். இது எல்லாருக்கும் தெரிந்ததுதான், ஸ்க்ரூவைத்தான் எல்லாரும் கோட்டை விடுகிறார்கள். ஒரு அட்டையில் பொருளின் உருவத்தைக் கோடாக வரைந்து, எந்த ஸ்க்ரூ எங்கிருந்து வந்ததோ அந்த இடத்திலேயே அட்டையில் குத்தி வையுங்கள். நீளமான ஸ்க்ரூவைக் குட்டையானது இருந்த துளையில் போட்டு முறுக்கினால் உள்ளே பலகையையோ வயரையோ துளைத்துவிடும்.

நட்சத்திரத் தலை ஸ்க்ரூ எல்லாம் ஒன்று என்று நினைத்துத்தான் முக்கால்வாசித் தலைகள் நாசமாகின்றன. 1930-களில் ஹென்றி பிலிப்ஸ் பரப்பிய பிலிப்ஸ் தலை ஒன்று, ஜப்பானியத் தரமான ஜே.ஐ.எஸ். ஒன்று, போசிடிரைவ் இன்னொன்று. ஜப்பானிய மோட்டார் சைக்கிளின் ஸ்க்ரூவில் பிலிப்ஸ் முனையைப் போட்டால் முழுதாக உட்காராது, அழுத்தித் திருகும்போது வழுக்கி மேலே வந்து தலையை உருட்டிவிடும். ஜே.ஐ.எஸ். தலையில் பல நேரம் சின்னதாக ஒரு புள்ளி இருக்கும். போசிடிரைவில் கூட்டல் குறிக்கு நடுவே மெல்லிய பெருக்கல் குறிபோலக் கோடுகள் தெரியும். மூன்றுக்கும் தனித்தனி முனை வைத்துக்கொள்வது வீண் செலவு இல்லை. முனையைத் துளையில் வைத்து ஆட்டிப் பார்த்தால் ஆடக் கூடாது, அதுதான் பொருத்தம்.

ஏற்கெனவே உருண்டுபோன தலையா? அகலமான ரப்பர் பேண்டைத் தலைமேல் வைத்து அதன்மேல் ஸ்க்ரூ டிரைவரை அழுத்தித் திருப்புங்கள். அதற்கும் மசியாவிட்டால் ரம்பத்தால் தலையில் நேராக ஒரு வெட்டு போட்டுத் தட்டை முனையால் திருப்பலாம்.

கழலாத போல்ட்

பலர் தோற்றுப்போகிற இடம் இது என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

துரு, இரும்பைவிட அதிக இடத்தை அடைத்துக்கொள்ளும். மரைக்கு நடுவே இருக்கிற நூலிழை இடைவெளியில் அது வளர வளர நட்டும் போல்ட்டும் ஒன்றையொன்று கவ்விக்கொள்கின்றன. அங்கே பலத்தைக் கூட்டினால் கவ்விய இடம் விடுவதற்கு முன் போல்ட்டின் கழுத்து முறிந்துவிடும். அதனால் அவசரம் ஆகாது, அங்கேதான் அந்த இரவு உதவுகிறது.

சனி மதியம், வயர் பிரஷ்ஷால் வெளியே தெரிகிற மரையைத் தேய்த்துச் சுத்தம் செய்யுங்கள். அழுக்கு மேல் எண்ணெய் விட்டால் அது உள்ளே இறங்காது. அப்புறம் ஊடுருவும் எண்ணெய். டபிள்யூ.டி.-40 எல்லாருக்கும் தெரியும். 1953-ல் உருவானது, ஈரத்தை வெளியேற்றுவதற்காகச் செய்த 40-வது கலவை என்பதுதான் அந்தப் பெயரின் பொருள். லேசான துருவுக்கு அது போதும், கடுமையாகப் பிடித்ததற்கு இந்த வேலைக்கென்றே விற்கிற எண்ணெய் நல்லது. நீண்ட நாள் உழைக்கிற மசகாக டபிள்யூ.டி.-40-ஐ நினைத்து ஃபேனுக்கும் சைக்கிள் செயினுக்கும் அடிக்கிறவர்கள் இருக்கிறார்கள். இருக்கிற எண்ணெயையும் கழுவிவிட்டு அது காய்ந்துபோகும், கொஞ்ச நாளில் முன்னைவிட மோசமாகக் கத்தும்.

எண்ணெய் விட்டதும் போல்ட் தலையில் சுத்தியலால் நாலு தட்டு, ஓங்கி அடிக்காமல், கதவைத் தட்டுகிற மாதிரி. அந்த அதிர்வில் துரு விரிசல்விட்டு எண்ணெய்க்கு வழி கிடைக்கும். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை எண்ணெயும் தட்டும். தூங்கப் போவதற்கு முன் கடைசியாக ஒரு முறை.

ஞாயிறு காலை, ஆறு பக்கமும் கவ்வுகிற சாக்கெட் ஸ்பானரைப் போடுங்கள், பன்னிரண்டு மூலை உள்ளது வேண்டாம், அது மூலைகளை மழுக்கிவிடும். முதலில் கழற்றாதீர்கள், இறுக்குங்கள். மயிரிழை அளவு இறுக்கும் பக்கம் அசைந்தாலே பிடிப்பு விட்டதாக அர்த்தம். அப்புறம் கழற்றும் பக்கம் கால் திருப்பு, திரும்ப உள்ளே அரைக்கால், எண்ணெய், மீண்டும் வெளியே. இப்படி முன்னும் பின்னுமாக வந்தால் துருத்தூள் மரைக்குள் சிக்காமல் வெளியேறும். ‘கிரீச்’ என்று கத்தினால் நிறுத்தி எண்ணெய் விடுங்கள். கையில் ரப்பர்போல மெத்தென்று சுழல ஆரம்பித்தால் உடனே நிறுத்த வேண்டும், போல்ட் முறுகிக்கொண்டிருக்கிறது, அடுத்த நொடி உடையும்.

இதற்கும் மசியாததற்குச் சூடு. நட்டைச் சூடாக்க வேண்டும், போல்ட்டை அல்ல. நட் விரிந்தால் பிடி தளரும். ஆனால் ஊடுருவும் எண்ணெய் எரியக்கூடியது, நன்றாகத் துடைத்துக் காயவிட்ட பிறகுதான் தீயைக் காட்டலாம், பெட்ரோல் டாங்க், பிரேக் குழாய், ரப்பர் எதுவும் பக்கத்தில் இருக்கக் கூடாது. மரையில் சிவப்பு நிறப் பசை காய்ந்து கிடந்தால் அது துருவே இல்லை, மரைப்பூட்டுப் பசை. நீல நிறப் பசை சாதாரண ஸ்பானருக்கே கழலும், சிவப்பு ஏறக்குறைய 250 டிகிரி செல்சியஸ் சூட்டில்தான் இளகும்.

எந்தப் பக்கம் திருப்புகிறோம் என்றும் ஒரு முறை யோசியுங்கள். சைக்கிளின் இடது பெடல் இடது மரை. பத்து நிமிடம் மூச்சைப் பிடித்துக் கழற்றுவதாக நினைத்து இறுக்கிக்கொண்டிருப்போம்.

துருப்பிடித்த கருவிகள்

பழைய குறடு, ஸ்பானர், உளி என்று துருப்பிடித்துக் கிடப்பவற்றைத் தூக்கிப்போட வேண்டியதே இல்லை. சனி சாயங்காலம் ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் சிட்ரிக் அமிலம், லிட்டர் தண்ணீருக்கு 50 கிராம், கரைத்து அதில் முழுக முழுகப் போட்டு வையுங்கள். வெள்ளை வினிகரும் ஆகும், கொஞ்சம் மெதுவாக வேலை செய்யும். எண்ணெய்ப் பிசுக்கோடு போட்டால் அமிலம் ஒட்டாது, சோப்பு போட்டுக் கழுவிவிட்டுப் போடுங்கள்.

காலையில் எடுக்கும்போது கறுப்பாக, சேறு பூசினதுபோல இருக்கும், பயப்பட வேண்டாம். வயர் பிரஷ்ஷை இரண்டு இழு இழுத்தால் உள்ளே சாம்பல் நிற இரும்பு வரும், அழிந்துபோனதாக நினைத்த எழுத்துகள்கூடத் தெரிய ஆரம்பிக்கும். சோடா உப்பு கலந்த தண்ணீரில் முக்கி அமிலத்தை முறித்து, உடனே துடைத்து, உடனே எண்ணெய் பூச வேண்டும். ஐந்து நிமிடம் ஈரமாக விட்டாலும் கண் முன்னால் ஆரஞ்சு நிறம் ஏறும். துத்தநாகப் பூச்சு உள்ளவற்றைப் போடாதீர்கள், பூச்சு கரைந்துவிடும். கடினப்படுத்திய ஸ்ப்ரிங்கையும் போட வேண்டாம், அமிலத்தில் ஊறினால் நொறுங்கும் தன்மை வரலாம். பிளீச்சிங் பவுடர் கரைசல் பக்கத்தில்கூட இருக்கக் கூடாது, அமிலத்தோடு சேர்ந்தால் குளோரின் வாயு வரும்.

பேட்டரி சார்ஜரை வைத்து மின்னாற்பகுப்பில் துரு எடுக்கிற முறையும் இருக்கிறது. வாஷிங் சோடா கரைசலில் துருப்பிடித்த பொருளை நெகட்டிவிலும் ஒரு பழைய இரும்புத் துண்டை பாசிட்டிவிலும் மாட்ட வேண்டும். பாசிட்டிவில் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் மட்டும் வைத்துவிடாதீர்கள், நச்சான குரோமியம் தண்ணீரில் கலக்கும். ஹைட்ரஜன் வாயு வெளியேறும் என்பதால் திறந்தவெளியில் மட்டுமே செய்ய வேண்டும். ஒரு பெட்டி நிறையத் துரு இருந்தால் மட்டும் இந்த ஏற்பாடு செய்யலாம், ஒரு குறடுக்காக வேண்டாம்.

ஆடுகிற நாற்காலி

மர வேலையில் தொடக்கத்துக்கு இதைவிட நல்லது இல்லை. நாற்காலிக் கால் ஆடினால் எல்லாரும் இடுக்கில் கொஞ்சம் பசையை ஊற்றிவிட்டு அமுக்கி வைப்பார்கள், ஒரு மாதத்தில் திரும்ப ஆடும். காரணம் எளிது: வெள்ளை மரப்பசை மர நாருக்குள் ஊறித்தான் பிடிக்கும், காய்ந்த பழைய பசைமேல் பிடிக்காது. மூட்டை முழுதாகப் பிரித்து, குழியிலும் முளையிலும் உள்ள பழைய பசையை உளியாலும் உப்புத்தாளாலும் மரம் தெரியும்வரை சுரண்டுங்கள். மரத்தையே சுரண்டிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள், மூட்டு லூசாகிவிடும்.

பசையை இரண்டு பக்கமும் மெல்லிசாகத் தடவி, சேர்த்து, கிளாம்ப் போடுங்கள். கிளாம்ப் இல்லையென்றால் கயிற்றைக் கால்களைச் சுற்றிக் கட்டி, நடுவில் குச்சியைச் செருகி முறுக்கினால் அதே இறுக்கம் கிடைக்கும். நாற்காலியைச் சமதரையில் நிற்கவைத்து நாலு காலும் தரையைத் தொடுகிறதா என்று இப்போதே பாருங்கள், காய்ந்தபின் பார்த்துப் பயனில்லை. வழிந்த பசையை ஈரத்துணியால் துடைத்துவிடுங்கள். அரை மணியில் கை விடுகிற அளவுக்குப் பிடிக்கும், முழு பலம் வர 24 மணி நேரம் ஆகும். சனி மாலை ஒட்டினால் ஞாயிறு மாலை உட்காரலாம்.

ஞாயிறு பகலில் மேற்பரப்பை இழைக்கலாம். உப்புத்தாள் 80 (எண் கூடக் கூட நைசானது), அப்புறம் 120, 180, கடைசியில் 220, எப்போதும் நார் ஓடுகிற திசையில். 80-லிருந்து நேராக 220-க்குத் தாவினால் கீறல் போகாது, பாலிஷ் போட்டதும் பளிச்சென்று தெரியும். லின்சீட் எண்ணெய் (ஆளி விதை எண்ணெய்) பூசுகிறவர்கள் தயவுசெய்து ஒன்றைக் கவனியுங்கள்: துடைத்த துணியைச் சுருட்டிக் குப்பைக் கூடையில் போடாதீர்கள். அந்த எண்ணெய் காயும்போது சூடாகும், சுருட்டி வைத்த துணி யாரும் தொடாமலே தீப்பிடிக்கும். வெளியே தனியாக விரித்துக் காயப்போட வேண்டும்.

சைக்கிளும் பேட்டரியும்

செயினை மாற்ற வேண்டுமா என்று தெரிந்துகொள்ள ஒரு ஸ்கேல் போதும். புதுச் செயினில் 12 முழுக் கண்ணி (அகலமானதும் குறுகியதும் சேர்ந்த ஜோடிதான் ஒரு முழுக் கண்ணி) சரியாக 12 அங்குலம் இருக்கும். ஒரு பின்னின் நடுவில் பூஜ்யத்தை வைத்து அளந்தால், கடைசிப் பின் 12-ஐத் தாண்டி ஒன்றரை மில்லிமீட்டர் தள்ளியிருந்தால் செயினை மாற்றுங்கள். மூன்று மில்லிமீட்டர் தள்ளிவிட்டால் பல்சக்கரமும் தேய்ந்திருக்கும். பஞ்சருக்கு ஒரே ஒரு வார்த்தை: சொல்யூஷன் தடவியதும் பேட்சை ஒட்டாதீர்கள். ஐந்து நிமிடம் காத்திருந்து, விரலில் லேசாக மட்டும் ஒட்டும் பதம் வந்த பிறகு அழுத்துங்கள்.

12 வோல்ட் ஈய-அமில பேட்டரி ஓய்வில் 12.6 வோல்ட் காட்டினால் நிறைந்திருக்கிறது. 12-க்குக் கீழே போய்விட்டால் ஏறக்குறைய காலி, இரவு சார்ஜில் போடுங்கள். காற்றோட்டம் இருக்க வேண்டும், இங்கேயும் ஹைட்ரஜன் வரும். கிளிப்பை மாட்டிய பிறகு சார்ஜரைப் போடுங்கள், சார்ஜரை அணைத்த பிறகு கிளிப்பைக் கழற்றுங்கள். வரிசை மாறினால் பொறி பறக்கும்.

ஈயம் வைக்கும்போது

ஞாயிறு காலை, கை நிதானமாக இருக்கும்போது செய்யுங்கள். ஈயத்தை உருக்கிக் கொண்டுபோய் அப்புவது பலருடைய பழக்கம், அப்படி வைத்தால் உருண்டை மணியாக நிற்கும், ஒட்டாது. சால்டரிங் அயர்னின் முனை வயரையும் தகட்டையும் ஒருசேரத் தொட வேண்டும். இரண்டு நொடி. பிறகு எதிர்ப் பக்கத்திலிருந்து ஈயக் கம்பியை இணைப்பில் தொடுங்கள். சூடு சரியாக ஏறியிருந்தால் ஈயம் தானே ஓடிச் சுற்றிப் பரவும். முதலில் கம்பியை எடுங்கள், பிறகு அயர்னை, பிறகு அசைக்காமல் மூன்று நொடி. 60/40 ஈயம் (60 பங்கு வெள்ளீயம், 40 பங்கு காரீயம்) 190 டிகிரிக்குள் உருகிவிடும், காரீயம் கலக்காத கம்பிக்கு 217-க்கு மேல் வேண்டும், அதனால் அயர்னின் சூட்டையும் அதற்குத் தகுந்தபடி கூட்ட வேண்டும். முடித்ததும் கை கழுவிவிட்டுத்தான் வேறு எதையும் தொடுங்கள்.

திறக்கவே வேண்டாம் என்பவை

மைக்ரோவேவ் அடுப்பு. உள்ளே சுமார் 2000 வோல்ட், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கண்டன்சரில் நிற்கும், ஆளைக் கொல்லும். கார் ஷெட்டின் தூக்குக் கதவில் இருக்கும் சுருள் ஸ்ப்ரிங், அதில் முறுக்கி வைத்திருக்கிற விசை கையை முறித்துவிடும். உப்பிப்போன லித்தியம் பேட்டரி. பழைய குழாய் டிவி. இவற்றில் கற்றுக்கொள்ள நல்ல விஷயங்கள் இருக்கின்றன, ஆனால் தனியாக, வார இறுதியில், வீட்டில் கற்றுக்கொள்ளக் கூடாது. 230 வோல்ட் வரும் இடங்களில் கம்ப்யூட்டர் பவர் சப்ளைக்குள் 325 வோல்ட் வரை தேங்கி நிற்கும், அனுபவம் வரும்வரை அதையும் விட்டுவிடுங்கள்.

சுழலும் இயந்திரத்தில் கையுறை போடாதீர்கள், டிரில்லோ பெஞ்ச் கிரைண்டரோ துணியைப் பிடித்தால் கையையும் சேர்த்து இழுக்கும். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி மட்டும் எப்போதும் போட்டிருங்கள்.

ஞாயிறு மதியம்

மூடிய பொருளை நேராகச் சுவர் பிளக்கில் செருகாமல் சீரிஸ் லேம்ப் வழியாகக் கரண்ட் கொடுங்கள். பழைய குண்டு பல்பு ஒன்றை, 60 அல்லது 100 வாட், லைன் வயரில் தொடராக இணைத்திருப்பதுதான் அது. எல்.இ.டி. பல்பு இதற்கு ஆகாது. உள்ளே ஷார்ட் இருந்தால் பல்பு முழு வெளிச்சத்தில் எரியும், பொருளுக்கு ஒன்றும் ஆகாது. மங்கலாக எரிந்தால் ஃபேன் மாதிரி சின்னப் பொருளுக்கு நல்ல அறிகுறி, அடுத்து நேராகக் கொடுத்து அரை மணி நேரம் ஓடவிட்டு, நிறுத்தி, பிளக்கைப் பிடுங்கி, மோட்டார் சூட்டைக் கையால் தொட்டுப் பாருங்கள்.

சரியாக ஓடினால் மூடியின் உட்பக்கத்தில் ஒரு டேப் ஒட்டி, தேதியும் என்ன செய்தீர்கள் என்பதும் எழுதுங்கள். அந்த டேபிள் ஃபேனுக்குள் “முன் புஷ், எண்ணெய்” என்று எழுதி ஒட்டியிருக்கிறேன், அடுத்து திறப்பவருக்கு அரை நாள் மிச்சம்.

மூன்று மணி வரை முடியவில்லையா? இனிமேல் வேகம் கூட்டாதீர்கள். ஸ்க்ரூக்களை அவற்றின் துளைகளிலேயே இரண்டு சுற்று திருகி வையுங்கள், பாகங்கள் எல்லாவற்றையும் ஒரே பெட்டியில் போடுங்கள், எந்த இடத்தில் நிறுத்தினீர்கள், என்ன பாகம் வாங்க வேண்டும், அதன் எண் என்ன என்று ஒரு தாளில் எழுதி எல்லாவற்றுக்கும் மேலே வையுங்கள். அடுத்த சனிக்கிழமை பெட்டியைத் திறந்ததும் முதலில் கையில் வருவது அந்தத் தாளாக இருக்க வேண்டும்.